முதல் 90 நாள்: ஆட்டுக்குட்டியின் எடை எங்கே தீர்மானமாகிறது?

புதுச்சேரியின் சாரம் பகுதியிலிருந்து ஆட்டுப்பண்ணை வைக்கும் ஆசையோடு கிளம்புகிறவர் யாராக இருந்தாலும், முதலில் கேட்பது இனத்தைப் பற்றித்தான். தலைச்சேரியா, போயரா, ஜமுனாபாரியா, இல்லை நம்ம பக்கத்துக் கொடியாடா? காமராஜர் சாலையை ஒட்டிய இந்தப் பகுதியில் வீடுகள் சுவரோடு சுவர் உரசி நிற்கின்றன. மேய்ச்சல் நிலம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அதனால் வில்லியனூர், பாகூர் பக்கமோ, எல்லை தாண்டி வானூர், திண்டிவனம் பக்கமோ நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து, பரண் போட்டு, 30, 40 ஆடுகளை ஒரே நாளில் கொண்டுவந்து இறக்குகிறார்கள். முதலீட்டில் பெரும்பங்கு கொட்டகைக்கும் இனத்துக்கும் போய்விடுகிறது. ஆறு மாதம் கழித்துத் தராசில் ஏற்றும்போது குட்டிகள் எதிர்பார்த்த எடையில் பாதிதான் இருக்கின்றன.

அப்போதும் பழி இனத்தின் மேல்தான் விழுகிறது. “இந்த ரகம் நம்ம சீமைக்கு ஒத்துவரல” என்று சொல்லி அடுத்த ரகத்தைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. உண்மையில் ஒரே இனத்தில், ஒரே வாரத்தில் பிறந்த இரண்டு குட்டிகளுக்கு நடுவில் இருக்கும் வேறுபாடு, பல சமயம் இரண்டு இனங்களுக்கு நடுவில் இருக்கும் வேறுபாட்டைவிடப் பெரியது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். 2.2 கிலோவில் பிறந்த ஒரு குட்டி நாளைக்கு 60 கிராம் கூடினால், 90 நாளில் 7.6 கிலோ. அதே குட்டி நாளைக்கு 100 கிராம் கூடினால் 11.2 கிலோ. நாளுக்கு 40 கிராம் என்பது கையில் எடுத்தால் தெரியாத அளவு. மூன்று மாதத்தில் அது மூன்றரைக் கிலோவுக்கு மேல் வந்து நிற்கிறது. பால் மறக்கும் வயதில் பின்தங்கிய குட்டி, பிறகு எவ்வளவு தின்றாலும் முன்னே போன குட்டியை எட்டிப்பிடிப்பது அரிது.

மாஹே பக்கத்து விருந்தாளி

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் கொட்டில் முறையில் வளர்ப்பவர்கள் அதிகம் நாடுவது தலைச்சேரி ஆட்டை. மலபாரி என்ற பெயரும் இதற்கு உண்டு. புதுச்சேரிக்காரர்களுக்கு இது அப்படியொன்றும் அயலூர் ஆடு இல்லை. யூனியன் பிரதேசத்தின் மேற்குக் கரைத் துண்டான மாஹேயிலிருந்து தலச்சேரி நகரம் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அரபு வணிகர்களோடு கடல்வழி வந்த ஆடுகளும் மலபார் கரையின் நாட்டு ஆடுகளும் கலந்து உருவான இனம் என்று சொல்வார்கள். ஈற்றுக்கு இரண்டு குட்டி போடுவது இதில் சகஜம். மூன்றும் வரும். கிடா 40 கிலோவைத் தாண்டும், பெட்டை 30 கிலோவைத் தொடும்.

தமிழ்நாட்டுக்கென்று சொந்த இனங்களும் இருக்கின்றன. விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துக் கன்னியாடு, ராமநாதபுரம் சுற்றிய கொடியாடு, சேலம், தருமபுரி பக்கத்துச் சேலம் கருப்பு. மூன்றும் வறண்ட நிலத்தில் வெகுதூரம் நடந்து, முள்ளுக்குள் இலை தேடித் தின்று பழகியவை. நடந்து மேய்வதற்கென்று அமைந்த உடம்பைப் பரணில் ஏற்றி நிறுத்தினால் அதே வேகத்தில் வளர வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியல்ல. 

போயர் தென்னாப்பிரிக்க இனம். கறிக்காகவே தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டது. 1959-இல் அங்கே அதற்கென்று வளர்ப்போர் சங்கமே அமைந்தது. நல்ல தீவனத்தில் போயர் குட்டி நாளைக்கு 200 கிராமுக்கு மேலும் கூடும். நம் நாட்டு ஆடுகள் சாதாரணப் பராமரிப்பில் 40 முதல் 80 கிராமுக்குள் நிற்கும். இந்த எண்களைப் பார்த்துத்தான் பலர் கிடா ஒன்றுக்கு லட்சக்கணக்கில் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் 200 கிராம் கூட வேண்டுமானால் அதற்கான புரதமும் மாவுச்சத்தும் தினமும் வயிற்றுக்குள் போயாக வேண்டும். வேலியோரத் தழையை மட்டும் போட்டு வளர்க்கிற இடத்தில் போயர் ரத்தமும் நாட்டு ஆட்டின் வேகத்தில்தான் வளரும். சமயத்தில் அதற்கும் கீழே இறங்கிவிடும்.

இனத்தைவிடப் பெரிய சேதம் ஒன்று சத்தமில்லாமல் நடக்கிறது. ஒரே பொலிகிடாவை நான்கைந்து ஆண்டு பட்டியில் வைத்திருப்பதுதான் அது. தன் மகளோடும் பேத்தியோடும் அதே கிடா சேரும்போது குட்டிகளின் பிறப்பு எடை குறைகிறது, இறப்பு கூடுகிறது, வளர்ச்சி மந்தமாகிறது. 20, 25 பெட்டைக்கு ஒரு கிடா, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கிடாவை மாற்றுவது என்பதைக் கால்நடை மருத்துவர்கள் சலிக்காமல் சொல்லிவருகிறார்கள். மூன்று, நான்கு மாதத்தில் கிடாக்குட்டிகளைப் பிரித்துக் கட்டாத பட்டிகளில் ஆறேழு மாதப் பெட்டைக்குட்டியே சினையாகிவிடுகிறது. அதுவும் வளராது, அதன் குட்டியும் வளராது. தாய் எடையில் மூன்றில் இரண்டு பங்கையாவது எட்டிய பிறகுதான் பெட்டையைச் சேர்க்கைக்கு விட வேண்டும்.

பிறப்பதற்கு முந்தைய ஆறு வாரம்

ஆட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். முதல் மூன்று மாதத்தில் கரு பெரிதாக எடை கூடுவதில்லை. பிறக்கும் எடையில் ஏறத்தாழ 70 சதவீதம் கடைசி ஆறு முதல் எட்டு வாரத்தில்தான் சேர்கிறது. அதே வாரங்களில் வயிற்றுக்குள் குட்டி இடத்தை அடைத்துக்கொள்வதால் தாயால் வழக்கமான அளவு தழையைத் தின்ன முடிவதில்லை. தேவை உச்சத்தில் இருக்கும்போது கொள்ளளவு குறைந்துவிடுகிறது. இந்த இடைவெளியை அடர்தீவனம் கொண்டுதான் நிரப்ப முடியும். இரட்டைக் குட்டி சுமக்கும் தலைச்சேரிப் பெட்டைக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

நடைமுறையில் நடப்பது வேறு. பால் கறக்காத, விற்கப்போகாத ஆடு என்பதால் சினை ஆட்டுக்குத்தான் தீவனத்தில் முதல் வெட்டு விழுகிறது. விற்பனைக்கு நிற்கும் கிடாவுக்குப் பிண்ணாக்கும் தவிடும், சினைப் பெட்டைக்கு வைக்கோல். அங்கே மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய், ஒன்றரைக் கிலோவில் பிறந்து நிற்க முடியாமல் தடுமாறும் குட்டிகளாகத் திரும்பி வருகிறது. பிறப்பு எடை குறைந்த குட்டிக்கு உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ளக் கொழுப்பும் இல்லை, காம்பைத் தேடி எழுந்து நடக்கத் தெம்பும் இல்லை.

பிறந்த பிறகு முதல் கவலை சீம்பால். மனிதக் குழந்தைக்குக் கருப்பையிலேயே தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் கொஞ்சம் வந்துவிடும். ஆட்டில் அப்படி இல்லை. நஞ்சுக்கொடி அதற்கு வழிவிடாது. குட்டி வெறுங்கையோடுதான் பிறக்கிறது. சீம்பாலில் உள்ள எதிர்ப்புப் பொருள்களைக் குடல் அப்படியே உறிஞ்சிக்கொள்ளும் வாய்ப்பு பிறந்த முதல் 24 மணி நேரத்துக்குள் மூடிவிடுகிறது. முதல் சில மணி நேரத்திலேயே அந்தத் திறன் வேகமாக இறங்கத் தொடங்கும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் சீம்பால், முதல் நாளில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது அதனால் வந்த கணக்கு. “நஞ்சு விழுந்த பிறகுதான் பால் விடணும்” என்கிற பழக்கம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. அதுபோலக் குட்டிக்குக் கேடு செய்வது வேறில்லை. சீம்பால் கிடைக்காமல் தப்பிப் பிழைத்த குட்டிக்கும் கழிச்சலும் நிமோனியாவும் மாறிமாறி வந்து வளர்ச்சியைத் தின்றுவிடும்.

பாலும் தழையும் சேரும் இடம்

பிறந்த குட்டிக்கு நான்கு அறை வயிறு இருந்தாலும் வேலை செய்வது நான்காவது அறை மட்டும்தான். அசைபோடும் முதல் அறை அப்போது ஒரு சின்னப் பைதான். அது தானாக வளர்வதில்லை. குட்டி தின்னும் திடத் தீவனம் அங்கே நொதித்து உண்டாகும் அமிலங்கள்தான் அதன் உட்சுவரை வளர்க்கின்றன. பால் எவ்வளவு குடித்தாலும் அந்த வேலை நடக்காது. 

இரண்டாம் வாரத்திலிருந்தே குட்டிகளுக்கென்று தனித் தீவனம் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். தாய் நுழைய முடியாத, குட்டி மட்டும் புகுந்து போகிற சின்னத் தடுப்புக்குள் உடைத்த மக்காச்சோளமும் கடலைப் பிண்ணாக்கும் தவிடும் தாது உப்பும் கலந்து, 20 சதவீதம் அளவுக்குப் புரதம் இருக்கும்படி வைக்க வேண்டும். முதலில் மோந்து பார்க்கும், பிறகு நக்கும், ஒரு மாதத்தில் 50 கிராம், அப்புறம் 100 கிராம் என்று தின்னத் தொடங்கும். ஒற்றைக் குட்டியைவிட இரட்டைக் குட்டிக்கு இது உயிர்நாடி. ஒரு தாயின் பாலை இரண்டு பேர் பங்கு போடும்போது வாட்டசாட்டமான குட்டி முந்திக்கொள்ளும். மெலிந்தது நாளுக்கு நாள் பின்னால் போகும். கிடாக்குட்டி பெட்டையைவிடச் சற்று வேகமாக வளரும். முதல் ஈற்றுக் குட்டியைவிட மூன்றாம், நான்காம் ஈற்றுக் குட்டி நன்றாக வரும். இதெல்லாம் இயற்கையின் ஏற்பாடு. தனித் தீவனத் தடுப்பு மட்டும் மனிதர் கையில் இருப்பது. நூறு ரூபாய் மூங்கிலில் முடிகிற வேலை.

பசுந்தீவனத்துக்குப் புதுச்சேரிப் பக்கத்தில் பஞ்சமில்லை. வரப்பில் அகத்தி, வேலியில் கிளைரிசிடியா, ஒரு துண்டு நிலத்தில் வேலிமசால், வாய்க்கால் தண்ணீர் இருந்தால் கோ-5 கம்பு நேப்பியர். நேப்பியரை மட்டும் நம்பினால் ஆடு வயிறு நிறையும், எடை கூடாது. புரதம் மர இலையிலிருந்துதான் வர வேண்டும். சூபாபுல் என்கிற சவுண்டல் தழையைப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடக் கூடாது. அதிலுள்ள மிமோசின் முடியை உதிரவைக்கும், வளர்ச்சியைக் கெடுக்கும். இந்த நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர் ஒன்றை 1980-களில் ஆஸ்திரேலிய விஞ்ஞானி ரேமண்ட் ஜோன்ஸ் ஹவாய்த் தீவு ஆடுகளின் வயிற்றில் கண்டுபிடித்தார். பிறகு அதை ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்கு மாற்றியும் காட்டினார். ஒரு தழை ஓர் ஊர் ஆட்டுக்கு உணவாகவும் இன்னோர் ஊர் ஆட்டுக்கு நஞ்சாகவும் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

நகரத்துக்குள் நான்கைந்து ஆடு வளர்ப்பவர்களின் பிரச்சினை வேறு. தழை கிடைக்காத இடத்தில் மிஞ்சின சோறு, இட்லி மாவு, பொங்கல், பிரியாணி என்று பாசத்தோடு கொண்டுவந்து கொட்டுகிறார்கள். சோற்றின் மாவுச்சத்து வயிற்றில் சடாரென்று நொதித்து அமிலமாகிறது. ஆடு உப்பி, கழிந்து, சுருண்டு படுத்துவிடுகிறது. பொங்கல் முடிந்த மறுநாள் கால்நடை மருந்தகங்களில் இந்தக் கூட்டம் வழக்கமானது. செத்துப்போகாமல் பிழைத்த ஆட்டுக்கும் வயிற்றின் உட்சுவர் புண்ணாகிப் பல வாரம் தீனி ஏறாது. தெருவில் காய்கறிக் கழிவோடு சேர்த்து விழுங்கும் பிளாஸ்டிக் பை வெளியேறாமல் முதல் அறையில் பந்தாகச் சுருண்டு கிடக்கும். வயிறு நிறைந்திருப்பதாக ஆடு நினைத்துக்கொண்டு பட்டினியில் மெலியும்.

ரத்தம் குடிக்கும் புழு

ஐப்பசி, கார்த்திகை மழை கடற்கரையோரத்தைப் பிடித்துக்கொள்ளும்போது குட்டிகளின் எடை நின்றுபோவதற்கு முக்கியக் காரணம் ஹீமாங்கஸ் என்ற வயிற்றுப்புழு. ஒரு புழு நாளைக்கு 0.05 மில்லி ரத்தம் உறிஞ்சும். கேட்கச் சின்னதாகத் தோன்றும். 500 புழு இருந்தால் நாளைக்கு 25 மில்லி. பத்து கிலோ குட்டியின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே 700 மில்லி அளவுதான். தின்பதெல்லாம் ரத்தம் ஊறவே போய்விடும், சதை எங்கிருந்து வைக்கும்? தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கும் குட்டியைப் பார்த்தால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள்.

இந்தப் புழுவின் இளம்பருவம் புல்லில் பனித்துளி வழியாக ஏறி நிற்கும், பெரும்பாலும் தரையிலிருந்து சில அங்குல உயரத்துக்குள். ஆடு இயல்பில் தலை நிமிர்ந்து இலை கடிக்கும் பிராணி. அந்தப் பழக்கமே அதற்குப் பாதுகாப்பாக இருந்தது. குட்டைப் புல்லில் நெருக்கி மேயவிட்டதும் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. தழையைக் கட்டுக்கட்டாகத் தலை உயரத்தில் தொங்கவிடும் நம் ஊர்ப் பழக்கம், பனி காய்ந்த பிறகு மேய்ச்சலுக்கு ஓட்டும் பழக்கம் இரண்டும் இந்தப் புழுவுக்கு எதிரான நல்ல உத்திகள்.

மாதம் தவறாமல் எல்லா ஆட்டுக்கும் மருந்து ஊற்றுவதுதான் தீர்வு என்று பலர் நம்புகிறார்கள். அதன் விளைவாக ஆல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் மருந்துகளுக்கு அசையாத புழுக்கள் தமிழ்நாட்டுப் பண்ணைகளிலேயே பதிவாகியிருக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் பரான்சுவா மாலன் குழுவினர் எளிய வழி ஒன்றை உருவாக்கினார்கள். கீழ் இமையை விலக்கி உள்நிறத்தை ஐந்து படி வண்ண அட்டையோடு ஒப்பிட்டு, வெளுத்துப்போன ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுப்பது. சிவந்த இமையுள்ள ஆட்டுக்கு மருந்து வேண்டாம். புழுவின் எதிர்ப்புச் சக்தி மட்டுப்படும், செலவும் குறையும்.

பரண் முறையில் தரையிலிருந்து மூன்றரை, நான்கு அடி உயரத்தில் பலகை அல்லது பிளாஸ்டிக் தளம் போட்டால் புழுக்கை கீழே விழுந்துவிடும். இரண்டு, மூன்று மாதக் குட்டிகளைத் தாக்கும் ரத்தக் கழிச்சல் நோயான காக்சிடியா அதனால் குறையும். ஆனால் பரணுக்குக் கீழே மாதக்கணக்கில் புழுக்கையை அள்ளாமல் விட்டால் மேலே எழும் அம்மோனியா நெடி குட்டியின் நுரையீரலைத் தாக்கும். பரணுக்குச் செலவழித்தவர் வாரம் ஒருமுறை கீழே கூட்டவும் ஆள் வைத்தாக வேண்டும். குட்டிக்கு அரை சதுர மீட்டர், பெரிய ஆட்டுக்கு ஒரு சதுர மீட்டர் இடம் என்பதைச் சுருக்கினால் மெலிந்த குட்டி தீவனத் தொட்டியை எட்டவே முடியாது.

அரசூரில் தொடங்கியது

புதிய பண்ணைகள் பல, குட்டி வளரும் வேகத்தைக் கணக்கிடும் கட்டத்தை எட்டும் முன்பே கவிழ்கின்றன. ஆடுகளைச் சந்தையில் வாங்கி நேரே பட்டியில் விடுவதுதான் காரணம். 

செஞ்சியில் வெள்ளிக்கிழமை தோறும் கூடும் ஆட்டுச் சந்தை வடதமிழ்நாட்டிலேயே பெயர்பெற்றது. தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முன்னால் அங்கே கோடிக்கணக்கில் வியாபாரம் நடக்கிறது. விற்கும் இடமாக அது அருமையானது. வளர்ப்புக்கு ஆடு வாங்க அது இடமல்ல. பல ஊர்ப் பட்டிகளின் ஆடுகள் ஒரே காலையில் மூச்சோடு மூச்சு உரசி நிற்கின்றன. அங்கிருந்து ஏறும் ஆட்டோடு ஆட்டுக்கொல்லி நோயும் ஏறிவிடலாம்.

இந்த நோய்க்கும் இந்தச் சீமைக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1942-இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த ஐவரி கோஸ்டில் முதலில் விவரிக்கப்பட்ட நோய் இது. இந்தியாவில் முதன்முதலாக 1987-இல் கண்டறியப்பட்டது, விழுப்புரத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் வழியில் உள்ள அரசூர் கிராமத்துச் செம்மறிகளில். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் எம். எஸ். ஷைலாவும் அவருடைய குழுவும் அதை 1989-இல் உலகுக்கு அறிவித்தார்கள். அரசூரில் பிடிபட்ட வைரஸிலிருந்தே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ஒரு தடுப்பூசியை உருவாக்கியது. இமாசலத்தின் சுங்க்ரியில் கிடைத்த வைரஸிலிருந்து இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் இன்னொன்றை உருவாக்கியது. ஒருமுறை போட்டால் மூன்று ஆண்டுக்குக் குறையாத பாதுகாப்பு. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பு தேய்ந்துபோகும் மூன்று, நான்கு மாத வயதில் குட்டிக்குப் போட வேண்டும். 2030-க்குள் உலகை விட்டே இந்த நோயை ஒழிப்பது என்று ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் உலக விலங்கு சுகாதார அமைப்பும் இலக்கு வைத்திருக்கின்றன.

துள்ளுமாரி நோய் இதைவிடக் கொடுமையானது. நன்றாகத் தின்று கொழுத்து நிற்கும் குட்டியைத்தான் அது தேடிப் பிடிக்கும். மழைக்கு முன்பே அதற்கான ஊசியைப் போட்டுவிட வேண்டும். புதிதாக வாங்கிய ஆட்டை மூன்று வாரம் தனியே கட்டி, இருமுகிறதா, கழிகிறதா என்று பார்த்த பிறகே மந்தையில் சேர்க்க வேண்டும். தேசியக் கால்நடை இயக்கத்தின் மானியம் 100 பெட்டை, 5 கிடா கொண்ட பண்ணைக்கு 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. அத்தனை ஆட்டையும் அவசரத்தில் ஒரே வாரத்தில் திரட்டுகிறவர்கள் இந்த மூன்று வாரத்தைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள்.

சாரத்துக்காரர்களுக்கு உதவி தூரத்தில் இல்லை. குரும்பாபேட்டில் 1994-இல் கல்லூரியாகத் தொடங்கிய ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனமும், அதே ஊரில் பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. ஆடு வாங்கும் முன் அங்கே போய்க் கேட்பவர்களைவிட, ஆடு சாகத் தொடங்கிய பிறகு ஓடுகிறவர்கள்தான் அதிகம் என்பது வேதனை.

தீபாவளியிலிருந்து பின்னோக்கி

விலை உச்சத்துக்குப் போகும் தீபாவளிக்கு ஒன்பது மாதக் கிடா நிற்க வேண்டுமானால், அது தை மாதத்தில் பிறந்திருக்க வேண்டும். தையில் பிறக்க வேண்டுமானால் ஆவணியில் சேர்க்கை. மழை விட்டு, ஈரம் காய்ந்து, தழை செழித்திருக்கும் தையில் குட்டி போடுவது நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. கருவின் எடை வேகமாகக் கூடும் கடைசி வாரங்கள் சரியாகக் கார்த்திகை, மார்கழியில் வந்து விழுகின்றன.

புதுச்சேரிக் கடற்கரைக்கு அது புயல் காலம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட வாரத்தில் தழை வெட்டப் போக வழி இல்லை. வெட்டினாலும் நீர் சொட்டும் தழையில் சத்தைவிட ஈரம்தான் மிகுதி. ஆவணியில் கிடாவை விடுகிறவர், அதற்கு முன்பே ஆடி மாதத்தில் கடலைக்கொடியை வாங்கி உலர்த்தி அடுக்கிவைத்திருக்க வேண்டும். சினைப் பெட்டை ஒன்றுக்கு நாளைக்கு ஒரு கிலோ உலர்ந்த கொடி, கால் கிலோ அடர்தீவனம் என்று வைத்தால் 20 பெட்டைக்கு ஐம்பது நாளைக்கு ஒரு டன் கொடியும் 250 கிலோ தீவனமும் தேவை. நனையாத கூரைக்குக் கீழே, தரையில் படாத மேடையில் அதை அடுக்கி முடித்த பிறகு எந்த இனத்துக் கிடாவை வாங்குவது என்று யோசிக்கலாம்.